சூளை ஓடையில் ஒன்றும் நடக்கவில்லை

செய்தியைக் கொண்டுவந்தவர் ஏரிப் படகுக்காரர் ஆறுமுகம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து சென்னைக்கு ஒரு ரயில், சென்னையிலிருந்து வேப்பம்பட்டுக்கு இன்னொரு ரயில் என்று மாறி மாறி வந்து எங்கள் வீட்டு வாசலில் வெயிலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "நம்ம சகுந்தலாம்மா பூட்டாங்கமா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. "இன்னாய்யா உளர்ற? போன வாரம்தானே பாத்துட்டு வந்தேன், கஞ்சி குடிச்சிட்டு என்னைத் திட்டிக்கினு இருந்தாளே" என்று அவர் மேல் பாய்ந்தேன். "காமாலை முத்திப்போச்சிமா. கும்மிடிப்பூண்டில தம்பி ஊட்லதான் உசுரு போச்சி. தந்தி குடுத்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு நானே வந்தேன்" என்றார் அவர். தண்ணீரை ஒரு தடவை காய்ச்சினால் போதாது என்று மூன்று தடவை காய்ச்சிக் குடிக்கிறவளுக்கு மஞ்சள் காமாலை! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த சின்ன மீன்வள ஆய்வு நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். இரண்டு பேரும் விலங்கியல் படித்தவர்கள், ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வாயாடி, அவள் பயந்தாங்கொள்ளி. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அப்பாவை நைனா என்றுதான் சொல்வாள். பொன்னேரியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஒன்றாக பஸ் ஏறினோம். ஏறுவதற்கு முன்னால் டிரைவரிடம் போய், "அண்ணே, பிரேக் பாத்துட்டீங்களா?" என்று கேட்பாள். எனக்கு மானம் போகும். கொஞ்ச நாளில் அந்த மனிதரே எங்களைத் தூரத்தில் பார்த்ததும், "பாத்தாச்சி தாயி, ஏறு ஏறு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அப்படியும் அவள் கதவோரமாகத்தான் உட்காருவாள்.

அறுபதுகளின் கடைசியில் அவளைப் பயிற்சிக்கு விசாகப்பட்டினம் அனுப்பினார்கள். போனவள் வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். ஊரிலிருந்து ஏதாவது வாங்கி வந்திருப்பாள் என்று நான் பையைப் பிடுங்கிப் பார்த்தால், அதில் ஸ்பிரிட் ஊற்றிய ஒரு சின்னப் புட்டி. உள்ளே நகத்தளவுக் கறுப்புச் சிப்பிகள், பழுப்பு வரியோடு. "இதுக்கா என் நல்ல சேலையை எரவல் வாங்கிக்கினு போன?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "துறைமுகத்துல தூணே தெரியலடி விஜயா. சங்கிலி, மிதவை, படகோட அடி, எல்லாத்து மேலயும் இதுதான். மெத்தை தைச்சி வச்சாப்பல இருக்குது. கை வச்சா அமுங்குது" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. எனக்குப் பசி, நான் சாப்பிட்டேன்.

அந்தச் சிப்பி நம் கடலைச் சேர்ந்ததில்லை. அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடலோரங்களில் பிறந்தது. அங்கே அதைத் தின்ன நண்டும் மீனும் உண்டு, இடத்துக்குப் போட்டி போட வேறு சிப்பிகள் உண்டு. அதனால் அடங்கிக் கிடந்தது. கப்பலின் அடியில் நூல் போன்ற வேரால் ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் அதைக் கேட்பார் இல்லை. பொடியாக இருக்கும்போதே முட்டைபோட ஆரம்பித்துவிடும். உப்புத் தண்ணீர், சப்புத் தண்ணீர், சாக்கடை, எதிலும் சாகாது. குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து போய் எது கிடைக்கிறதோ அதில் ஒட்டும். "கப்பல் சரக்கை மட்டுமா இறக்குது? ஒட்டிக்கினு வந்ததையும்தானே இறக்குது" என்பாள் சகுந்தலா. இதை அவள் வாயால் கேட்காதவர் எங்கள் நிலையத்தில் கிடையாது. டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஏரி பாதி கடல், பாதி ஆறு. அந்தச் சிப்பிக்கு அதைவிட நல்ல வீடு வேறெங்கே? ஏரிக்காரர்கள் வலை கட்டுவது ஊன்றுகழிகளில். கழியில் அது அப்பினால் வலை கிழியும். அடித்தரையில் படர்ந்தால் இறால் மேய இடமில்லை. நம் ஊர்ச் சிப்பிகளான மட்டிக்கும் ஆளிக்கும் உணவில்லை. ஆந்திராப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக விறகும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வரும் படகுகள் எல்லாம் எங்கள் ஏரியைத் தொட்டுத்தான் எண்ணூருக்குப் போகும். ஆகவே கொண்டுவந்தால் அவைதான் கொண்டுவரும் என்று முடிவு கட்டினாள். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கால்வாய்க் கரைக்குப் போய், நிற்கிற படகின் அடியில் தோள்வரை கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். படகுக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. "இன்னாம்மா, மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கறாப்பல பாக்கற? வாங்கிக்கிறியா?" என்பார்கள். "ஒட்டினதைச் சுரண்டுனா தண்ணில போடாதீங்க, கரைல போட்டுக் காயவையுங்க" என்று கெஞ்சுவாள். சரி சரி என்பார்கள். சிலர் அப்படியே செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

அவள் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடல் வழியாக வந்தது.

முகத்துவாரம் மணல் அடைத்துக் குறுகிப்போயிருந்த ஒரு கோடைக்காலம். வடக்கே துறைமுக வேலையில் வருஷக்கணக்காக நின்றிருந்த ஒரு பழைய சரக்குத் தோணியை யாரோ ஒரு கான்ட்ராக்டர் எண்ணூருக்கு என்று வாங்கிக்கொண்டு வந்தார். வழியில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தக் குறுகின வாய் வழியாக எப்படியோ ஏரிக்குள் கொண்டுவந்து கரையில் ஏற்றி, அடியைச் சுரண்டி, தார் பூசிக்கொண்டு போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாரம் சென்னையில் கூட்டத்தில் இருந்தோம். சுரண்டி எடுத்த சிப்பியெல்லாம் கூடை கூடையாகச் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிற்று. அதோடு போயிருந்தால் தொல்லையே இல்லை, நெருப்பில் எது பிழைக்கும்? ஆனால் பழவேற்காட்டில் கிளிஞ்சலைக் கழுவாமல் சூளையில் ஏற்ற மாட்டார்கள். சதையும் சேறும் இருந்தால் சுண்ணாம்பு வெளுக்காது. கூடையோடு தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகிப் போனபிறகுதான் எடுப்பார்கள். அப்படித்தான் சூளைக்குப் பின்னால் இருந்த ஓடையில், ஏரியோடு சேருகிற ஓடையில், இந்தக் கூடைகளையும் இறக்கி வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்த அன்று மதியம் சகுந்தலா மட்டி சேகரிக்கப் போனவள் அந்தக் கூடைகளைப் பார்த்தாள். நான் நிலையத்தில் இருந்தேன். அவள் கத்தியது அங்கே வரை கேட்டது, பாம்பு கடித்துவிட்டது என்றே ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சிப்பி. நகத்தால் பிளந்து, கூரான முனையின் உள்பக்கம் இருக்கிற சின்னத் தட்டை எனக்குக் காட்டினாள். நம் ஊர் ஆளியில் அந்தத் தட்டு இருக்காது. பிறகு வாய் திறந்திருந்த இன்னொன்றைத் தொட்டுக் காட்டி, "உசுரோட இருக்குதுடி. மூடிக்கிச்சி பாரு, மூடிக்கிச்சி பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சூளையில் வேலை செய்யும் கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கழுவாத கிளிஞ்சலை எந்த ஊருலமா சூளைல போடுவாங்க? நாங்க இன்னா புதுசாவா பண்ணிட்டோம்?" என்று சண்டைக்கு வந்தாள். அவள் மேல் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஒரு கூடை அடி பிய்ந்துபோய்ப் பாதிச் சிப்பி ஓடைத் தரையில் கொட்டிக் கிடந்தது.

கூடைகளை அப்போதே தூக்கிக் கரையில் கொட்டச் செய்தோம். கொட்டிப்போனதை என்ன செய்வது? நிலையத் தலைவர் நல்ல மனிதர்தான், மேலிடத்துக்கு உடனே எழுதினார். பதில் வரட்டும் என்றார். "பதில் வர்றதுக்குள்ள அது குஞ்சு பொறிச்சிடும் சார்" என்று சொல்லிவிட்டு சகுந்தலா நேராக ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனாள். ஒரு பஸ் டிரைவரிடம் பிரேக் கேட்பதற்கே எச்சில் விழுங்குகிறவள், அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்த கோயில் வாசலில் போய் நின்றாள். நான் துணைக்குப் போனேன், வாய் உதவுமே என்று. அவள் கேட்டது சின்ன விஷயமில்லை. ஓடையின் வாயை மண்ணால் அடைக்க வேண்டும், தண்ணீரை முடிந்தவரை இறைத்துக் கரையில் வார்க்க வேண்டும், மிச்சத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்ட வேண்டும். உள்ளே இருக்கிற எல்லாம் சாகும்.

ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முறை வைத்துக் கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும், அதைப் பாடு என்பார்கள். அந்தப் பருவத்துக்கு அந்த ஓடையும் அதன் வாயும் விழுந்திருந்தது ஆறுமுகத்துக்கு. அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. துள்ளி எழுந்துவிட்டார். "செத்த தண்ணிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஊடு எப்படி நடக்கும்? நகத்தளவு சிப்பிக்கு ஓடையையே கொல்லணுமா? நல்ல பேஜாரா கீதே!" என்று கத்தினார். ஆளாளுக்குப் பேசினார்கள். "நாளைக்கி உங்க பேச்சு தப்பாப் பூட்டா இன்னாம்மா பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சகுந்தலா முந்திக்கொண்டு, "தெரியலண்ணே. எனக்குப் பயமாக் கீது" என்று சொல்லி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இப்படியா ஒருத்தி வாதாடுவாள்?

ஊர்த் தலைவர் வயதானவர், அதிகம் பேசாதவர். "இந்தம்மா படிச்சதப் பத்தி எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "ஆனா மெய்யாப் பயந்துகினு கீது. காத்து மாறுதுன்னு படகுல ஒருத்தன் பயந்தா நாம திரும்பிக் கரைக்கி வர்றதில்லையா? வந்தப்புறம் காத்து அடிக்கலன்னா அவனை அடிக்கவா செய்றோம்?" என்றார். ஆறுமுகத்துக்கு அந்தப் பருவம் முழுக்க ஊரே ஆள் மாற்றி ஆள் தங்கள் பாட்டில் ஒரு பங்கு விடுவது என்று முடிவாயிற்று. ஆறுமுகம் தலையாட்டினார், முகம் கொடுக்கவில்லை. வருகிற வழியெல்லாம் சகுந்தலா என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்: "நான் தப்பா இருந்தா இன்னாடி பண்றது? ஒரு ஊட்டு சோத்துல மண்ணைப் போட்டவளா ஆயிடுவேனே?"

சுண்ணாம்பு கொட்டிய நாளை மறக்க முடியாது. மண் சுமந்து அடைத்தது ஆண்கள், சுண்ணாம்பு கொட்டியது பெண்கள். சூளைச் சுண்ணாம்பே கூடை கூடையாக வந்தது. தண்ணீரில் விழுந்ததும் சீறிப் புகைந்தது. முந்தானையால் முகத்தைக் கட்டிக்கொண்டும் கண் எரிந்தது. முதலில் இறால் துள்ளியது, பிறகு நண்டுகள் கரையேறப் பார்த்தன, பிறகு மடவை மீன் குஞ்சுகள் வயிறு வெளுத்து மேலே வந்தன. அவ்வளவு குஞ்சு அந்தச் சின்ன ஓடையில் இருந்தது என்று யாருக்குமே தெரியாது. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சகுந்தலா கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே, "அங்க, அந்த மூலைல கொட்டலை, அங்கயும் கொட்டுங்க" என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாதான் கடைசிக் கூடையைக் கொட்டினாள். அவள் கையெல்லாம் வெந்துபோயிருந்தது, சகுந்தலா அதற்கு எண்ணெய் தடவினாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் வந்தது, மண்ணை வெட்டிவிட்டார்கள், ஓடையில் மறுபடி மீன் ஏறியது. அந்த வரிச்சிப்பி எங்கள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வருஷமும் பாடு போடுகிற நாளில் யாராவது ஒருவர், "அன்னிக்கி ஓடையைக் கொன்னீங்களே, இன்னாமா ஆச்சி? ஒன்னும் ஆவலையே!" என்று அவளைச் சீண்டுவார். அந்தச் சிப்பிக்கே 'சகுந்தலாம்மா சிப்பி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொள்வாள், அறைக்கு வந்தபிறகு முகம் இருண்டுவிடும். அன்று செய்தது தேவையில்லாததா, செய்ததால்தான் ஏரி தப்பித்ததா? எப்படித் தெரியும்? அவள் பயந்தது சரி என்று சொல்லக்கூடிய அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான், அந்தச் சிப்பி பரவுவது. அதைத்தான் அவள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்ட மனுஷியை நான் வேறு பார்த்ததில்லை. ஊருக்கு நான் இப்போது சொல்கிறேன், அவள் சொல்லியிருக்க மாட்டாள்: ஒன்றும் ஆகாமல் இருப்பதும் ஒருவர் பாடுபட்டு நடப்பதுதான்.

அவளுக்குச் சென்னைக்கு மாற்றலோடு பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். "பைத்தியமாடி உனக்கு?" என்றேன். "ஒரு கொத்து ஓடைக்கு வெளில போயிருந்தா? சின்னதா இருக்கும்போதே பாத்தாத்தான் உண்டு" என்றாள். மாதம் தவறாமல் ஆறுமுகத்தின் படகிலேயே ஏரியைச் சுற்றி வந்து ஊன்றுகழிகளைத் தடவுவாள். ஆரம்பத்தில் வேண்டா வெறுப்பாகத் துடுப்புப் போட்டவர், பிறகு இவளுக்கு முன்னால் அவரே குனிந்து பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கல்யாணமாகி நான் வேலையை விட்டு வேப்பம்பட்டுக்கு வந்தபிறகும் இது நிற்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்து, அவளுடைய தம்பிக்கு ஒன்றில் வேலை கிடைத்ததும் அவளுக்குப் புதுக் கவலை வந்தது. துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் இயந்திரப் பெட்டிகளின் அடியில் ஈரச் சேறு ஒட்டியிருக்கிறதா என்று தொழிற்சாலை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாளாம். வாட்ச்மேன் இரண்டு தடவை விரட்டியிருக்கிறார். தம்பி என்னிடம் வந்து, "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க, வேலை போயிடும் எனக்கு" என்று புலம்பினான். சொன்னேன். அவள், "கப்பல் காலியா வரும்போது ஆடாம இருக்க வயித்துல கடல் தண்ணியை ரொப்பிக்கினு வருதுடி. வந்து நம்ம ஊர்ல ஊத்துது. அதுல இன்னா இன்னா கீதுன்னு யாரு பாக்கறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

ஆறுமுகம் வருவதற்கு முந்தின வாரம் தம்பி வீட்டில் அவளைப் பார்த்தபோது கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒருவர் நாட்டு மருந்து தருகிறார் என்று வாங்கிப்போயிருந்தேன், அதை யார் அரைத்தார்கள், எந்தத் தண்ணீரில் அரைத்தார்கள் என்று குடைந்தாள். படுக்கையில் விழுந்ததால் அந்த மாதம் ஏரிக்குப் போகவில்லையாம். என்னைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஆள் விட்டிருந்தாள், நானும் முதல்நாள்தான் போய்விட்டு வந்திருந்தேன். "பாத்தியாடி?" என்றாள். "பாத்தேன். ஒன்னும் இல்ல" என்றேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்து, "ஒன்னும் இல்லன்னா நீ ஒழுங்காப் பாக்கலன்னு அர்த்தம்" என்று திட்ட ஆரம்பித்துவிட்டாள். தண்ணீருக்கு மேலே பார்த்தால் போதாதாம், சேறு மூடிய இடத்தில்தான் கைவிட வேண்டுமாம். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ எழுந்து வந்து நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பழவேற்காட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததுமே ஆறுமுகம் படகை எடுத்தார். சூளை ஓடையின் வாயில் தொடங்கி ஒவ்வொரு கழியாகச் சேறுவரை கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். நம் ஊர் ஆளி இருந்தது, கூரான ஓடுள்ள கொட்டலசு இருந்தது, பாசி இருந்தது. விரல் கிழிந்தது. அவளுடைய புத்தகங்களைத் தம்பி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டான், நல்லது. எனக்கு அவளிடமிருந்து வந்து சேர்ந்திருப்பது இந்தப் பயம்தான். இத்தனை வருஷம் அவளைக் கேலி செய்துகொண்டு நிம்மதியாக இருந்தேன், பயப்படத்தான் அவள் இருந்தாளே. இனி அந்த வேலையை யார் பார்ப்பது? கடைசிக் கழியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். "ஒன்னும் இல்லம்மா" என்றார் ஆறுமுகம். "ஆமாய்யா, ஒன்னும் இல்ல. மறுபடியும் மொதல்ல இருந்து..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் படகைச் சூளை ஓடைப் பக்கம் திருப்பியிருந்தார்.